காற்றில் விதைத்தவர்

நம் சங்கத்தில் இருந்துவிட்டுப் போன அண்ணன்மார் சிலர் இன்று கலிபோர்னியாவில், சான் ஹோசே என்னும் நகரத்தில் இருக்கிறார்கள். கணிப்பொறித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அந்த ஊரைப் பற்றி எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற பருவத்தில் மின்வில்லைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வேண்டி வந்தது. அதற்காகப் பழைய நூல்களைப் புரட்டியபோது, சான் ஹோசேயில் ஏழு மாடி வங்கிக் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து, வானொலி என்ற பெயரே வழங்காத நாளில் பாட்டு ஒலிபரப்பிய ஒரு மனிதரைச் சந்தித்தேன். வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடந்தான் கிடைத்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் சார்லஸ் டேவிட் ஹெரால்டு. 1875-ம் ஆண்டு நவம்பர் 16-ம் நாள் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில், புல்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் சான் ஹோசேயில். இன்று அந்தப் பள்ளத்தாக்கைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிறோம். அன்று கண்ணுக்கெட்டிய தூரம் பழத்தோட்டங்கள். ஆப்ரிகாட், பிளம் மரங்கள் பூத்துக் கிடந்த விவசாய நாடு அது.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து வான நூலும் பௌதிகமும் படித்தார். மார்க்கோனி கம்பியில்லாமல் செய்தி அனுப்பிய அதிசயம் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. இளைஞர் ஹெரால்டு அதிலே மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. பட்டம் வாங்காமலே மூன்று ஆண்டுகளில் படிப்பை விட்டுவிட்டார். பின்னாளில் ஊரார் எல்லோரும் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். அது எந்தச் சர்வகலாசாலையும் கொடுத்ததன்று. மாணாக்கர்கள் சூட்டி, ஊர் ஒப்புக்கொண்ட பட்டம். முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடக்கும் நம் விடுதி நண்பர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்.

உடல் தேறியதும் சான் பிரான்சிஸ்கோ நகருக்குப் போய், பல் வைத்தியத்துக்கும் அறுவை வைத்தியத்துக்கும் வேண்டிய மின்கருவிகள், நீருக்கடியில் எரியும் விளக்குகள் என்று பலவற்றை ஆக்கித் தொழில் நடத்தினார். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் நாள் விடியற்காலையில் அந்த நகரைப் பூகம்பம் குலுக்கியது. பூகம்பத்தில் தப்பியதைத் தொடர்ந்து வந்த தீ தின்றது. ஹெரால்டின் தொழிலும் அதோடு போயிற்று. முப்பது வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. ஸ்டாக்டன் என்ற ஊரில் ஒரு தொழிற் கலாசாலையில் ஆசிரியர் வேலைக்குப் போனார். வெடிகளைத் தொலைவிலிருந்தபடியே மின்னலையால் வெடிக்கச் செய்வது எப்படி என்று அங்கே ஆராய்ந்து கொண்டிருந்தார். அந்த வேலையிலிருந்துதான் கம்பியில்லாத் தந்தி அவர் கைக்கு முழுதும் வந்தது.

1909-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள். வளர்ந்த ஊருக்கே திரும்பி, கார்டன் சிட்டி வங்கிக் கட்டடத்தில் அறை எடுத்து, கம்பியில்லாத் தந்தியும் மின்பொறியியலும் கற்பிக்கும் ஒரு கல்லூரியைத் தம் பெயராலேயே திறந்தார். கல்லூரி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கப்பல்களுக்கும் கரையோர நிலையங்களுக்கும் தந்தியாளர் வேண்டியிருந்தார்கள்; அந்த வேலைக்கு இளைஞர்களைப் பழக்கும் ஒரு பயிற்சிக்கூடம், அவ்வளவே. மாணவர் கட்டும் கட்டணந்தான் வருமானம். கட்டடத்தின் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப் போல நாற்புறமும் சரிந்து இறங்கிய அலைக்கம்பிகள் மட்டும் ஊரே அண்ணாந்து பார்க்கும் காட்சியாக இருந்தன. அவருக்கு உதவியாள் ரே நியூபி என்ற பதினாறு வயதுப் பையன்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்லாமல் மேலே போக முடியாது. கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க.

அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தி தீப்பொறியால் நடந்தது. சேர்த்து வைத்த மின்சாரம் ஓர் இடைவெளியில் பொறியாகத் தாவும்போது அலை எழும். எழுந்த உடனே அடங்கிவிடும். தவிலில் ஒரு தட்டுத் தட்டினாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்ப அது போதும். ஆனால் மனிதக் குரலை ஏற்றி அனுப்ப, அடங்காமல் நீண்டுகொண்டே இருக்கும் அலை வேண்டும். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரின் ஒலி எப்படி அறுபடாமல் நிற்கிறதோ, அப்படி ஒரு அலை. அது கிடைத்துவிட்டால் குரலின் ஏற்ற இறக்கத்தை அதன்மேல் ஏற்றிவிடலாம்.

அந்த ஒத்து மின்வில்லிலிருந்து கிடைத்தது. இரண்டு கரித்துண்டுகளுக்கிடையே பாலம்போல நின்று எரியும் மின்னோட்டமே மின்வில். 1900-ல் இங்கிலாந்தில் டடல் என்ற பொறியாளர், மின்வில்லோடு ஒரு கம்பிச் சுருளையும் மின்தேக்கியையும் இணைத்தால் அது பாடத் தொடங்குகிறது என்று காட்டினார். டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்சன், அதே மின்வில்லை ஹைட்ரஜன் கலந்த வாயுவுக்குள் காந்தத்தின் நடுவே எரியவிட்டு, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும் அலைகளை எழுப்பினார். பவுல்சனின் உரிமையை அமெரிக்காவுக்கு வாங்கி வந்தவர் எல்வெல் என்ற இளைஞர். அவரும் ஸ்டான்போர்டுக்காரர்தாம், ஆனால் பட்டம் பெற்றவர். அவருடைய கம்பெனி எங்கே எழுந்தது தெரியுமா? சான் ஹோசேக்குப் பக்கத்தூரான பேலோ ஆல்டோவில், அதே 1909-ல். ஸ்டான்போர்டின் தலைவரே அதற்குப் பணம் போட்டார். ஒரே கலாசாலையில் படித்த இருவர், ஒரே ஆண்டில், ஒரே பள்ளத்தாக்கில், ஒரே துறையில் கடை விரித்தனர். ஒருவரிடம் உரிமையும் முதலும் இருந்தன. மற்றவரிடம் மாணவர் கட்டணமும் நியூபியும் இருந்தார்கள்.

தொடக்கத்தில் ஹெரால்டு தீப்பொறிக் கருவியையே மாற்றியமைத்து, பொறிகளை மிக நெருக்கமாகத் தாவச் செய்து, அதன்மேல் குரலை ஏற்றப் பார்த்தார். கரகரப்போடாயினும் குரல் போய்ச் சேர்ந்தது. பின்பு மின்வில்லுக்கு வந்தார். பவுல்சன் உரிமையை மீறாமல் இருக்க வேண்டுமே? ஒரு பெரிய மின்வில்லுக்குப் பதில் ஆறு சிறு மின்விற்களை வரிசையாக இணைத்து, வாயுவுக்குப் பதில் சாராயத்துக்குள் மூழ்கி எரியவிட்டார். தெருவில் ஓடிய டிராம் வண்டிக்கான மின்சாரமே அதற்குத் தீனி. அலைக்கம்பிக்குப் போகும் மின்னோட்டம் முழுதும் மைக்கின் வழியாகவே பாயும். அதனால் மைக் கொதித்துவிடும். அதைச் சுற்றி நீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் உத்தியையும் அவரே செய்தார். சாராயத்துக்குள் தீயையும், பேசுகிறவர் வாய்க்கு முன்னால் நீரோட்டத்தையும் வைத்து ஒருவர் வாரந்தோறும் கச்சேரி நடத்தினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வரும், சிரிப்பும் வரும். நம் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒன்றை வைக்க எந்தப் பேராசிரியரும் சம்மதிக்கமாட்டார்.

கச்சேரி என்று சொன்னேன். ஹெரால்டை நான் பெரியவராக மதிப்பதற்குக் காரணம் கருவியன்று, இந்தக் கச்சேரிதான்.

கம்பியில்லாக் கருவி வைத்திருந்த அத்தனை பேருக்கும் அன்று ஒரே எண்ணம்: இங்கிருந்து அங்கே, இன்னாரிடமிருந்து இன்னாருக்குச் செய்தி போக வேண்டும். வழியிலே வேறு எவன் காதிலும் அது விழுவது ஒரு குறை. எப்படியாவது தடுக்க வேண்டிய குறை. ஹெரால்டும் மாணவரைப் பழக்கியது அந்த வேலைக்குத்தான். ஆனால் பள்ளத்தாக்கெங்கும் வீட்டுக் கொல்லையில் கம்பி கட்டி, கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டில் மெல்லிய கம்பியைத் தொட்டுத் தொட்டுக் காதுக்குழாயில் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் யார், எத்தனை பேர் என்று தெரியாது. தெரியாதவர்களுக்காகவே அவர் கிராமபோனை மைக்கின் எதிரே வைத்துப் பாட்டுப் போட்டார். செய்தித்தாளிலிருந்து சில செய்திகளைப் படித்தார். குறித்த நாளில், குறித்த நேரத்தில், வாரந்தோறும் செய்தார்.

ஒலிபரப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பிராட்காஸ்ட் என்ற சொல் உழவர் வீட்டுச் சொல். விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் வீசித் தூவுவதற்கு அப்பெயர். நாற்று நடுகிறவனுக்கு ஒவ்வொரு நாற்றும் எங்கே நிற்கிறது என்று தெரியும். கைவிதைப்புச் செய்கிறவனுக்கு எந்த விதை எங்கே விழும் என்று தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. தந்தி நடவு, ஒலிபரப்பு விதைப்பு. எங்கள் பக்கத்தில் வயலைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இவர்தாம் உலகில் முதலில் ஒலிபரப்பியவரா என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. 1906-ல் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பெசண்டன் என்ற விஞ்ஞானி கடலில் இருந்த கப்பல்களுக்குப் பாட்டு அனுப்பியதாகச் சொல்வர். அதை ஐயுறுவோரும் உண்டு. 1910 ஜனவரியில் டி பாரஸ்டு நியூயார்க் இசையரங்கிலிருந்து கரூசோவின் பாட்டை அனுப்பினார். பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் நிலையம் 1920 நவம்பர் 2-ம் நாள் தேர்தல் முடிவுகளைச் சொன்னதைத்தான் பாடநூல்கள் வானொலியின் பிறந்தநாளாக எழுதுகின்றன. ஹெரால்டு 1909-லேயே தொடங்கினார் என்பதற்கு உடனிருந்தோரின் நினைவே சான்று. எழுத்தில் கிடைப்பது 1910-ம் ஆண்டு உறுதிமொழி ஒன்று. நியூயார்க்கில் கம்பியில்லாக் கருவிகள் விற்ற ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் வந்தது அது. அவர்கள் விற்ற சுருளைக் கொண்டு சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் பொழுதுபோக்குக் கருவியாளர்களுக்குத் தாம் கச்சேரிகள் கொடுத்து வருவதாக அதில் அவர் சத்தியம் செய்திருக்கிறார். 1912 ஜூலையில் உள்ளூர்ப் பத்திரிகை அவருடைய கச்சேரியைப் பற்றிச் செய்தி போட்டது. ஆய்வு மாணவன் என்ற முறையில் நான் 1909-ஐ நிறுவப்பட்டதாகக் கொள்ளமாட்டேன். 1910-ஐத் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். மற்றவர்கள் ஒருநாள் செய்து காட்டிவிட்டுப் போனார்கள். இவர் ஆண்டுக் கணக்கில் நாள் தவறாமல் செய்தார். அடுத்த வாரமும் வரும் என்று நம்பிக் காத்திருப்பவன் ஒருவன் உண்டானபோதுதான் நேயர் என்ற இனமே பிறந்தது என்பது என் கட்சி.

1912-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கம்பியில்லாத் தொலைபேசிக் கம்பெனிக்கு அவர் தலைமைப் பொறியாளர் ஆனார். அமெரிக்கக் கடற்படையோடு சேர்ந்து சோதனைகள் நடந்தன. தொலைவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய வேலை அது. 1913 முடிவதற்குள் அந்தத் தொடர்பு முறிந்தது. திரும்பவும் தம் கல்லூரி, தம் கச்சேரி.

இந்தக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி சிபில். துணை என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வதன்று. இசைத்தட்டுக் கடைக்குப் போய்ப் புதுத் தட்டுகளை இரவலாக வாங்கி வருவார். மைக்கின் முன் அமர்ந்து தாமே பெயர் சொல்லிப் போடுவார். கருவி வைத்திருந்த பையன்கள் கேட்ட பாட்டுகளைத் தேடித் தருவார். தம் குரல் கேட்டவர்கள் வந்து பெயர் எழுதிவிட்டுப் போகும்படி சிறு பரிசுப் போட்டியும் நடத்தினார். ஒலிபரப்பு கேட்ட மறுநாள் பிள்ளைகள் கடைக்குப் போய் அதே தட்டைக் கேட்பார்கள். கடைக்காரருக்கு வியாபாரம், சிபிலுக்குத் தட்டு, கேட்டவர்களுக்குப் பாட்டு. வானொலித் தொழிலின் பொருளாதாரம் முழுதும் அந்தச் சின்ன ஏற்பாட்டில் கருவாக இருந்தது. ஹெரால்டு அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வருத்தம். தட்டு இரவல் கிடைத்ததோடு அவர் திருப்தியடைந்துவிட்டார். ஒலிபரப்புக் கேட்கிறவனிடம் காசு வாங்க வழியில்லை, கேட்க வைப்பதற்காக வியாபாரியிடம் வாங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. நியூயார்க்கில் ஒரு நிலையம் 1922 ஆகஸ்டில் வீட்டு மனைக்காரர் ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் விளம்பரத்தை ஒலிபரப்பிய பிறகே அந்த வழி எல்லோருக்கும் தெரிந்தது.

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் பனாமா கால்வாய் திறப்பைக் கொண்டாடும் பெரும் பொருட்காட்சி நடந்தது. ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவிலுள்ள சான் ஹோசேயிலிருந்து ஹெரால்டு அனுப்பிய இசையைக் காட்சிக்கு வந்தவர்கள் காதுக்குழாய் வைத்துக் கேட்டார்கள். அவர் வாழ்வின் உச்சி அதுதான். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

1917 ஏப்ரல் 6-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. உடனே தனியார் கம்பியில்லா நிலையங்கள் எல்லாவற்றையும் மூட உத்தரவு வந்தது. கச்சேரி நின்றது. கல்லூரி போருக்கு வேண்டிய தந்தியாளரைப் பழக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஓடின.

ஒரு விஞ்ஞானிக்கு நேரக்கூடிய துன்பங்களில் இதற்கு இணையானது வேறில்லை என்று நினைக்கிறேன். அவருடைய நிலையத்துக்குப் பூட்டுப் போட்டிருந்த அந்த நாட்களில், போரின் தேவைக்காகவே, வெற்றிடக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அலையை எழுப்பவும் பெருக்கவும் அதற்கு நிகரான கருவி இல்லை. போர் முடிந்து பூட்டைத் திறந்தபோது மின்வில்லின் காலம் முடிந்திருந்தது. அரசாங்கம் ஒலிபரப்புக்கு ஒதுக்கிய அலைநீளமோ 360 மீட்டர். நீண்ட அலைகளில் நன்றாக வேலை செய்யும் மின்வில் அவ்வளவு குறுகிய அலையில் நிலைகொள்ளாது. பத்தாண்டுகள் இரவும் பகலுமாகத் திருத்தித் திருத்திச் செய்த ஆறு மின்விற்களும் சாராயத் தொட்டியும் ஒரே நாளில் பழம்பொருள் ஆயின. நாற்பத்தைந்தாம் வயதில், தம்மிடம் படித்த பையன்களுக்குத் தெரிந்த புதுக் கருவியைத் தாம் அகரத்திலிருந்து கற்க வேண்டியவரானார்.

கற்றார் என்பதைச் சொல்ல வேண்டும். 1921-ல் வெற்றிடக் குழாய் வைத்து மறுபடியும் ஒலிபரப்பத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 9-ம் நாள் கே.க்யூ.டபிள்யூ. என்ற அழைப்பெழுத்தோடு முறையான உரிமம் கிடைத்தது. ஆனால் இப்போது அவர் தனியாக இல்லை. 1922-ல் அமெரிக்காவெங்கும் நூற்றுக்கணக்கில் நிலையங்கள் முளைத்தன. பின்னால் பெரிய கம்பெனிகள் இருந்தன. பத்திரிகைகளும் பல்பொருட் கடைகளும் இருந்தன. ஹெரால்டு வானொலிப் பெட்டிகளும் உதிரிகளும் விற்று, அந்த இலாபத்தில் நிலையத்தை ஓட்டப் பார்த்தார். கட்டவில்லை. 1925-ல் நிலையத்தை ஊரிலிருந்த பாப்திஸ்துத் திருச்சபையிடம் கொடுத்துவிட்டார். சிறிது காலம் தாம் தொடங்கிய நிலையத்திலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிறகு அந்தச் சம்பளமும் நின்றது.

அதன் பின்வரும் இருபது ஆண்டுகளைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஓக்லண்டு நகரில் இன்னொரு வானொலி நிலையத்துக்கு விளம்பரம் சேகரிக்கும் வேலை கிடைத்தது. பாட்டுப் போட்டுக் காசு பண்ணும் வழியை அங்கே பிறருக்காகச் செய்தார். பிறகு அந்நகரப் பள்ளிக்கூடங்களில் கருவிகளைப் பழுது பார்த்தார். அதற்கும் பிறகு ஒரு கப்பல் கட்டும் தளத்தில் துப்புரவு வேலை. சிபிலும் அவரும் எப்போதோ பிரிந்துவிட்டிருந்தனர். 1948 ஜூலை முதல் நாள், ஹேவார்டு என்னும் ஊரில் முதியோர் காப்பகம் ஒன்றில், எழுபத்திரண்டாம் வயதில் ஹெரால்டு காலமானார். அப்போது அமெரிக்காவில் வானொலிப் பெட்டி இல்லாத வீடு அருமை.

அவர் உயிரோடிருந்தபோதே ஒரே ஒரு முறை நல்ல வார்த்தை கிடைத்தது. 1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பொருட்காட்சியில் டி பாரஸ்டு பேசினார். வானொலிக்குத் தந்தை தாமே என்று சொல்லிக்கொள்வதில் சிறிதும் கூச்சப்படாதவர் அவர். உலகிலேயே மிகப் பழைய ஒலிபரப்பு நிலையம் என்று சொல்லிக்கொள்ள சான் ஹோசே நிலையத்துக்கு உரிமை உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். வெற்றிடக் குழாயில் மூன்றாம் முனையைச் சேர்த்து மின்வில்லை ஓய்வுக்கு அனுப்பிய அதே டி பாரஸ்டு!

அதோடு மறந்துபோயிருக்க வேண்டியது. சான் ஹோசே அரசினர் கல்லூரியில் பத்திரிகைத் தொழில் கற்பித்த கார்டன் கிரெப் என்ற ஆசிரியர், ஊரில் இப்படி ஒருவர் இருந்தாராமே என்று விசாரிக்கத் தொடங்கினார். பழைய பத்திரிகைகளைத் தேடினார். பழைய மாணவர்களைத் தேடினார். ரே நியூபியைக் கண்டுபிடித்தார். சிபிலைக் கண்டுபிடித்தார். சிபில் வேறொரு குடும்பப் பெயரோடு முதுமையில் இருந்தார். 1959-ல் அவர் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்துகொண்டார். கிரெப் எழுதிய ஆய்வுரை ஒலிபரப்புத் துறையின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்து, ஹெரால்டு என்ற பெயர் நூல்களுக்குள் வந்தது. 2003-ல் அவரும் மைக் ஆடம்ஸ் என்பவரும் சேர்ந்து முழு வரலாற்றையே நூலாக்கினர்.

நான் இதில் மிகவும் நினைத்துப் பார்ப்பது சிபிலைத்தான். மணமுறிவுக்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொல்ல அவருக்கு என்ன கட்டாயம்? கசப்பு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனாலும் இரவல் வாங்கிய தட்டுகளை, பரிசுப் போட்டியை, பையன்களின் ஆவலை எல்லாம் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார். கருவி பழம்பொருளாயிற்று, நிலையம் கைமாறியது. குடும்பத்தின் நினைவு மட்டும் கெடாமல் இருந்தது. நம் வீட்டுப் பாட்டிமாரிடம் எத்தனை சரித்திரம் இப்படி எழுதப்படாமல் கிடக்கிறதோ! இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால் என் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நியூபிக்கும் ஒரு நாள் வந்தது. 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், வந்திருப்பவரின் இரகசியம் என்ன என்று ஊகிக்கும் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றில், முதியவராகிவிட்ட அந்தப் பதினாறு வயதுப் பையன் வந்து உட்கார்ந்தார். 1909-ல் வானொலியில் பேசியவர் என்பதே அவருடைய இரகசியம்.

கே.க்யூ.டபிள்யூ. நிலையம் பல கைகள் மாறி, சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்து, 1949-ல் கே.சி.பி.எஸ். என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்றும் 740 கிலோசைக்கிள் அலையில் நாள் முழுதும் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. சான் ஹோசேயில் இருக்கும் நம் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அலுவலகத்துக்குப் போகும் வழியில் சாலை நெரிசல் தெரிந்துகொள்ள நாள்தோறும் காரில் அதைத்தான் கேட்கிறாராம். யாருடையது என்று அவருக்குத் தெரியாது.